கைத்தொலைபேசியின் பூட்டைத் திறக்குமுன்

பழைய கைத்தொலைபேசியின் 'பூட்லோடர்' பூட்டைத் திறந்து புதிதுபோல் ஆக்கலாம் என்று யாரேனும் கூறினால், உடனே இசையாமல் சற்றுச் சிந்தித்தல் நலம்.

கருவியை இயக்கியதும் முதலில் விழித்தெழும் சிறு நிரலே பூட்லோடர். தயாரிப்பாளரின் முத்திரை பெற்ற மென்பொருளை மட்டுமே உள்ளே விடும் வாயிற்காவலன் அது. அக்காவலைத் தளர்த்துவதே பூட்டைத் திறத்தல்.

இதனால் நன்மையும் உண்டு. தயாரிப்பாளர் கைவிட்ட ஆண்ட்ராய்டு கருவிகள் பலவற்றில், 2016-இல் தோன்றிய 'லினியேஜ் ஓஎஸ்' என்னும் இலவச மென்பொருளை நிறுவி, மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாம்.

தீங்குகளோ பெரியவை. பூட்டைத் திறக்கையில் பொதுவாக, கருவியிலுள்ள படங்களும் எண்களும் அழிந்துவிடும். உத்தரவாதத்தை இழக்க நேரிடலாம். வங்கிச் செயலிகள் சில இயங்க மறுக்கும். கருவி களவுபோனால், திருடனுக்கும் வழி எளிதாகும். சாம்சங் கருவிகளில் வேற்று மென்பொருளை ஏற்றினால் உள்ளிருக்கும் மின்னுருகி எரிந்துபோகும். பின்னர்ப் பூட்டினாலும் 'நாக்ஸ்' பாதுகாப்பு மீளாது.

மரம் சீவுவோர் இதனை நன்கறிவர். கத்தி ஆழப் பதிந்துவிட்டால், அவ்விடத்துப் புதுப்பட்டை கரடுமுரடாகவே வளரும்.

ஆகவே, சம்பளப் பணத்தைக் கையாளும் கைத்தொலைபேசியில் இம்முயற்சி வேண்டாம். பயனின்றிக் கிடக்கும் பழைய கருவியில், தகவல்களை முன்னரே பிரதி எடுத்துக்கொண்டு, முயன்று பார்க்கலாம்.