பொதி பேணுவோர்

தெஹிவளையில் ஒரு வீட்டிலே, பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினி ஒன்று இருப்பதாகக் கொள்க. அதனைச் செய்த நிறுவனம் அதனை மறந்துவிட்டது. புதிய விண்டோஸ் அதிலே ஏற மறுக்கின்றது. காலி வீதியிலுள்ள பழுதுபார்க்கும் கடைக்காரர் அதிலே லினக்சு அமைப்பு ஒன்றை இட்டுக் கொடுக்கின்றார். கணினி மீண்டும் ஓடுகின்றது. மகள் அதிலே தமிழிற் கட்டுரை எழுதுகின்றாள். தந்தை கடைக்கணக்குப் பார்க்கின்றார். எழுதும் செயலி, கணக்கிடும் செயலி, தமிழ் எழுத்துரு, இணையத்தில் உலாவும் கருவி ஆகிய யாவும் ஒருங்கே வந்து அமைந்துவிட்டன. எவரும் விலை கேட்கவில்லை. ஆயின், உலகின் பல மூலைகளிலே பலர் தனித்தனியே எழுதிய இந்நிரல்களைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று முரணாதவாறு செப்பஞ்செய்து, ஒரே களஞ்சியத்தில் வைத்தவர் யாவர்?

லினக்சு என்பது கணினியின் உறுப்புகளை ஆளும் அடிப்படை நிரல் மாத்திரமே. 1991 ஆம் ஆண்டிலே பின்லாந்து நாட்டு மாணவர் லினசு தோர்வால்ட்சு அதனை வெளியிட்டார். அடித்தளம் மட்டும் வீடாகாது அன்றோ? அதன்மேல் ஆயிரக்கணக்கான நிரல்களைச் சேர்த்துப் பயன்படுத்தத்தக்க முழு அமைப்பாகத் தருவதையே வழங்கல் என்பர். அத்தகைய வழங்கல்களுள் பழைமையும் பெருமையும் வாய்ந்தது டெபியன். 1993 ஆகஸ்ட் 16 ஆம் நாள், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவராயிருந்த இயன் மர்டொக் இதனை அறிவித்தார். டெப்ரா என்னும் தம் அன்புக்குரியவரின் பெயரையும் தம் பெயரையும் இணைத்தே அவர் இதற்குப் பெயரிட்டார். மர்டொக் 2015 இல் மறைந்தார்; அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டிரிக்சி என்னும் பதிப்பிலே ஏறத்தாழ 70,000 பொதிகள் உள்ளன. பலரும் அறிந்த உபுண்டு வழங்கலும் டெபியனையே அடியாகக் கொண்டது.

பொதி என்பது ஒரு நிரலைக் கணினியில் நிறுவுதற்கு ஏற்ற வடிவிற் கட்டிய மூட்டை. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பேணுநர் உண்டு. சில பொதிகளை ஒரு குழு பேணுகின்றது. டெபியன் இவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. சிலருக்கு அவர்கள் பணியாற்றும் நிறுவனங்கள் இதற்கென நேரம் ஒதுக்குகின்றன. ஏனையோர் மாலை வேளையிலும் விடுமுறை நாளிலும் இதனைச் செய்கின்றனர்.

பேணுநர் நிரலாசிரியர் அல்லர். அவரைப் பதிப்பாசிரியர் எனின் பொருந்தும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, அந்நூலை அவர் இயற்றவில்லை. ஏடுகளைத் தேடினார், ஒப்புநோக்கினார், பிழை களைந்தார், படிப்போர் கைக்கு எட்டும் நூலாக்கினார். பொதி பேணுநரின் தொழிலும் இத்தகையதே. மூலநிரலிலே திருத்தம் வேண்டுமாயின், அதனை மூலத்தோடு கலந்துவிடாமல் தனிக்கோப்பாக வைப்பார். நல்ல பதிப்பாசிரியர் பாடபேதத்தை அடிக்குறிப்பிற் காட்டுவது போலவே இதுவும். இப்பொதி இயங்க வேறு எப்பொதிகள் வேண்டும் என எழுதுவார். பயனாளர் அறிவிக்கும் பிழைகளை ஆராய்ந்து, மூலவாசிரியருக்கும் தெரிவிப்பார். இப்பிழைகளைத் தமிழ்க் கணினியாளர் வழு என்கின்றனர். தொல்காப்பியர் ஆண்ட சொல் இந்தப் புதிய துறையிலே வந்து குடியிருப்பது தமிழாசிரியர்களுக்கு உவகை தருவதாகும்.

உரிமம் பற்றிய ஆராய்ச்சி மிகக் கடுமையானது. விலையின்மை வேறு, கட்டின்மை வேறு. இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருவையும் திருத்தக்கூடாது, மறுபடி வழங்கக்கூடாது என உரிமையாளர் விதித்திருக்கலாம். அத்தகையதற்கு டெபியனின் தலைமைக் களஞ்சியத்தில் இடமில்லை. லோகித் தமிழ் எழுத்துருவும், இலங்கை லினக்சுப் பயனாளர் குழுவின் சிங்கள எழுத்துருவும் அங்கே பொதிகளாக இருக்கின்றனவெனின், அவற்றின் உரிமங்கள் இந்தச் சல்லடையில் தேறின என்பதே பொருள்.

புதுக்கிய பொதி உடனே எல்லோரையும் சென்றடைவதில்லை. முதலில் அது சிட் என்னும் பகுதிக்குச் செல்லும். டாய் ஸ்டோரி என்னும் திரைப்படத்திலே பொம்மைகளை உடைக்கும் சிறுவனின் பெயர் அது, பெயரே எச்சரிக்கை. அங்கே சில நாட்கள் பெருங்குறையின்றி இருந்தால் சோதனைப் பகுதிக்கு ஏறும். ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை, சோதனைப் பகுதி உறையவைக்கப்பட்டு, பெருவழுக்கள் களையப்பட்டு, நிலைபெற்ற பதிப்பாக வெளியாகும்.

இத்தனை காவலிருந்தும் தவறு நேர்ந்ததுண்டு. ஓப்பன் எஸ்எஸ்எல் என்பது இணையத்திற் செல்லும் செய்திகளை மறைகுறியாக்கும் நிரற்றொகுதி. 2006 இல், சோதனைக் கருவியொன்று காட்டிய எச்சரிக்கையைப் போக்குவதற்காக, டெபியன் பொதியிற் சில வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. பூட்டுக்குரிய சாவிகளை எவரும் ஊகிக்க முடியாதவாறு ஆக்குவதற்கு அவ்வரிகளே வேண்டியிருந்தன. அவை போனபின், ஒவ்வொரு வகைச் சாவியிலும் 32,767 வேறுபாடுகளே எஞ்சின. அத்தனையையும் முயன்று பார்க்கக் கணினிக்கு நெடுநேரம் வேண்டாம். 2008 மே மாதத்தில் உண்மை வெளிப்பட்டபோது, உலகெங்கும் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. மூலத்தின் கருத்தை முற்ற உணராது ஓர் அடியை நீக்கிய பதிப்பு எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

2024 இல் நேர்ந்தது வேறு வகையானது. அறியாமையால் அன்று, வஞ்சனையால் விளைந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் சிறுநிரலைப் பின்லாந்தைச் சேர்ந்த ஒருவர் ஊதியமின்றிப் பல்லாண்டு தனியே பேணிவந்தார். அவர் சோர்வுற்றிருந்த காலத்தில், ஜியா டான் என்னும் பெயருடன் ஒருவர் உதவ வந்தார். பணி மந்தமாய் நடக்கின்றதென்று வேறு சிலர் அவரை நெருக்கினர். பொறுப்பு மெல்ல மெல்லப் புதியவர் கைக்குச் சென்றது. 2024 பெப்ரவரியில் வெளியான பதிப்பிலே, பிறர் கணினிக்குள் நுழைவதற்கு ஒரு கள்ளவாயில் ஒளிக்கப்பட்டிருந்தது. யாவரும் காணத் திறந்திருந்த மூலநிரலில் அது முழுமையாக இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய தொகுப்பிலேயே அதனை இயக்கும் பகுதி இருந்தது. டெபியனின் சிட் பகுதியில் இயங்கிய கணினியொன்றிலே, தொலைவிலிருந்து உள்நுழைவதற்கு வழக்கத்தினும் அரை வினாடி கூடுதலாவதை அந்திரசு பிராயிண்டு என்னும் பொறியியலாளர் கவனித்தார். அந்த அரை வினாடியைப் பொருட்படுத்தித் தேடிய அவர், மார்ச் 29 இல் உண்மையை வெளியிட்டார். நிலைபெற்ற பதிப்பை அந்நஞ்சு எட்டவில்லை. காவல்முறையின் பயன் இங்கே தெரிகின்றது. தற்செயலின் பங்கும் தெரிகின்றது. வங்கியும் மருத்துவமனையும் சார்ந்து நிற்கும் ஒரு பொருளை ஒரே மனிதரின் தோளிற் சுமத்தி, அவர் சோர்ந்தபோது ஏன் தாமதம் என்று கேட்ட உலகத்தையும் இவ்வேளை எண்ணிப்பார்க்கத்தான் வேண்டும்.

இப்பணியின் பயனை இலங்கை நேரிற் கண்டதுண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்நாட்டில் 30,000 பேருக்கு மேல் உயிர்பறித்தபோது, கொழும்பிலே தொண்டராகத் திரண்ட மென்பொருளாளர்கள் சகன என்னும் பேரிடர் மேலாண்மை நிரலைச் சில வாரங்களுள் உருவாக்கினர். சகன என்னும் சிங்களச் சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி வழங்கும் அமைப்புகள் ஆகிய விவரங்களைப் பதிவதற்கு அது பயன்பட்டது. 2005 இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் உதவிற்று. தரவுத்தளத்தையும் இணைய வழங்கியையும் அவர்கள் புதிதாக இயற்ற வேண்டியிருக்கவில்லை. பெயரறியாத பேணுநர் பலர் முன்னரே செப்பஞ்செய்து வைத்த கட்டற்ற மென்பொருள்களின் மேலே அவர்கள் கட்டினர். அன்றேல், சில வாரங்கள் எவ்வாறு போதும்?

இப்பணியிற் சேர்வதற்குப் பட்டம் வேண்டியதில்லை. முதலில் ஒரு வழுவைத் திருத்தியோ, மொழிபெயர்ப்புச் செய்தோ தொடங்கலாம். டெபியனை நிறுவும் நிரல் தமிழிலே பேசுவது அத்தகைய தொண்டரின் உழைப்பாலேயே. பொதியைக் கட்டியவர், அதனை ஓர் உருவாக்குநர் வாயிலாகக் களஞ்சியத்திற் சேர்க்கலாம். தாமே உருவாக்குநராக வேண்டுமெனின், ஏற்கெனவே உருவாக்குநராயிருப்போர் அவருடைய ஆளடையாளத்தைச் சரிபார்த்து, அவரது மின்சாவியிற் கையொப்பமிட வேண்டும். பெரும்பாலும் இது நேருக்கு நேர் நடப்பது. ஆதலால், அண்மையில் உருவாக்குநர் எவரும் இல்லாத ஊராருக்குக் கூட்டங்களே வாய்ப்பு. 2023 ஜனவரியில் விழுப்புரத்திற் சிறு டெபியன் மாநாடு ஒன்றும், அதே ஆண்டு செப்டெம்பரிற் கொச்சியில் உலக மாநாடும் நடைபெற்றன.

பேணுநர் ஒருவர் இனி இயலாதென விலகினால், அவருடைய பொதி அநாதையென அறிவிக்கப்படும். அப்பட்டியலை எவரும் பார்வையிடலாம். எப்பொதியின் விவரத்தைக் கேட்டாலும் பேணுநர் என ஒரு வரி தோன்றும். ஆளின் பெயரோ பேணுங் குழுவின் பெயரோ இன்றி, டெபியன் தரப் பாதுகாப்புக் குழு என அவ்விடத்தில் இருக்குமாயின், அப்பொதி புதிய பேணுநர் ஒருவரை எதிர்பார்த்திருக்கின்றது.