கட் சொல்லத் தெரியாத மருமகன்!

பொங்கல் கழிந்த மறுவாரம். அரூரில் என் வீட்டுத் திண்ணையில் ஒரு மூட்டை சாமை வந்து இறங்கியது. மூட்டைக்குப் பின்னாலேயே சித்தேரித் தங்கச்சி.

மலையிலிருந்து சாமை சும்மா இறங்காது என்பது என் அனுபவம். காபியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"அண்ணா... பையன் வேலைய விடப் போறானாம். பாட்டு எடுக்கப் போறானாம்."

"பாடப் போறானா?"

"இல்லீங்ணா, எடுக்கப் போறானாம்! கேமரா வாங்கணும், ரெண்டு மாட்டையும் வித்துக் குடுங்கறான். நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க. ஆபீஸ்ல இருக்கறவரு. உங்க பேச்சைக் கேப்பான்."

ஆபீஸில் என் பேச்சை ஸ்டேப்ளர்கூடக் கேட்பதில்லை. இதைத் தங்கச்சியிடம் சொல்ல முடியுமா? "ஞாயித்துக்கிழமை வரேன்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. 1997-ல், எனக்கு 24 வயசில், ஒரு சர்வே வேலைக்காக என்னைச் சித்தேரிக்கு அனுப்பினார்கள். ஃபைலைத் தூக்கிக்கொண்டு மலையேறியவனுக்கு மூணு மாசம் களியும் கீரையும் போட்டு வளர்த்தது அந்த வீடு. அப்போது ஆரம்பித்த உறவு. அவள் அண்ணா என்றால் அவள் பையனுக்கு நான் மாமாதானே?

மருமகனுக்கு இப்போது 24 வயசு. ஓசூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலை. பதினாறாயிரம் ரூபாய் சம்பளம். அதை விட்டுவிட்டு மியூசிக் வீடியோ எடுக்கிறேன் என்கிறான். எந்த மாமன் சம்மதிப்பான்?

நான் ஒரு வக்கீல் மாதிரி தயார் செய்துகொண்டேன். பாட்டு வீடியோ எடுத்து சினிமா டைரக்டர் ஆனவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்று ரெண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பயமுறுத்தத்தான்!

முதல் சாட்சி, பரத்பாலா. நம்ம தமிழர். விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். 'ரோஜா'வுக்கு முன்னாலேயே ஏ.ஆர். ரஹ்மானும் விளம்பரங்களுக்கு ஜிங்கிள் போட்டுக்கொண்டிருந்தார் இல்லையா, அந்த விளம்பர உலகத்துச் சிநேகம். நாடு சுதந்திரமடைந்து 50 வருஷம் ஆன 1997-ல் ரெண்டு பேரும் சேர்ந்து 'வந்தே மாதரம்' ஆல்பத்தைக் கொண்டு வந்தார்கள். தமிழில் அது 'தாய் மண்ணே வணக்கம்'. அப்போதெல்லாம் தேசபக்திப் பாட்டு என்றால் டி.வி-யில் ஒரு தலைவர் படம், ஒரு ராக்கெட், ஒரு அணைக்கட்டு, வரிசையாக நின்று பாடும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம். இவர் பாலைவனத்தைக் காட்டினார். கொடியைக் காட்டினார். மீசை வைத்த, முக்காடு போட்ட, வெயிலில் கறுத்த முகங்களைக் காட்டினார். காலேஜ் பையன்கள் தேசபக்திப் பாட்டை வாக்மேனில் கேட்டுக்கொண்டு போன அதிசயம் அப்போதுதான் நடந்தது.

அதோடு நிற்கவில்லை. 2000-ல் 'ஜன கண மன'. லதா மங்கேஷ்கர், பீம்சேன் ஜோஷி, நம்ம டி.கே. பட்டம்மாள் என்று பெரிய பெரிய வித்வான்களை எல்லாம் ஒரே தேசிய கீதத்தில் உட்கார வைத்தார். ஒருத்தரிடம் தேதி வாங்குவதே கஷ்டம். இத்தனை பேரிடம் எப்படி வாங்கியிருப்பாரோ!

இவ்வளவு பேர் வாங்கிய மனிதருக்கு முதல் தமிழ்ப் படம் எப்போது கிடைத்தது தெரியுமோ? 2013-ல்! தனுஷ், பார்வதி நடித்த 'மரியான்'. நடுவில் 2004-ல் ஒரு ஆட்டோ டிரைவரை வைத்து 'ஹரி ஓம்' என்று ஒரு படம். 2010-ல் தில்லி காமன்வெல்த் போட்டித் தொடக்க விழாவின் கலைப் பொறுப்பு. கமல்ஹாசனை வைத்து எடுப்பதாகப் பேசப்பட்ட '19 ஸ்டெப்ஸ்' எடுக்கப்படாமலே போனது. ஆக, ஊரெல்லாம் பாடிய பாட்டுக்கும் முதல் தமிழ்ப் படத்துக்கும் நடுவே 16 வருஷம். மருமகனிடம் இதைச் சொன்னாலே போதும், மாடு பிழைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ரெண்டாவது சாட்சி, ஜலந்தரில் பிறந்த தர்சேம் சிங். அமெரிக்காவுக்குப் போய் சினிமா படித்தவர். 1991-ல் ஆர்.ஈ.எம். என்கிற கோஷ்டியின் ஒரு பாட்டுக்கு வீடியோ எடுத்தார். அந்த வருஷத்து எம்.டி.வி. பரிசுகளில் சிறந்த வீடியோ அதுதான். முதல் சினிமா 'தி செல்' வந்தது 2000-ல். அடுத்த படம் 'தி ஃபால்' எடுக்க நாலு வருஷம். இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் ஷூட்டிங். விளம்பரப் படம் எடுக்கப் போகிற தேசத்திலேயே ஓரமாக இதற்கும் நாலு ஷாட் எடுத்துக்கொண்டு வருவாராம். (நம்ம ஆட்கள் ஆபீஸ் டூரிலேயே திருப்பதியை முடிக்கிற மாதிரி.) போட்டது பெரும்பாலும் சொந்தக் காசு. 2006-ல் விழாவில் காட்டி, தியேட்டருக்கு வர 2008 ஆகிவிட்டது. வந்தும் கல்லா நிரம்பவில்லை. அதே படத்தை 2024-ல் புதுப்பித்து வெளியிட்டபோது உலகம் தூக்கி வைத்துக் கொண்டாடியது! பதினெட்டு வருஷம் கழித்து வருகிற கைதட்டலை வைத்துக்கொண்டு மாட்டுக்குத் தீவனம் வாங்க முடியுமா, மருமகனே?

மூணாவதாக டேவிட் ஃபின்ச்சர். மடோனாவுக்கெல்லாம் வீடியோ எடுத்தவர். 1992-ல் முதல் படம் 'ஏலியன் 3'. "அது என் படமே இல்லை" என்று கைகழுவும் அளவுக்கு அவரைப் படுத்தி எடுத்துவிட்டார்கள்.

ஃபைல் ரெடி. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

சித்தேரி ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். வளைவுகளில் டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறபோது நாமும் கூடவே திரும்புவோம். மேலே போய் இறங்கினால் பல்லு கிட்டுகிற குளிர். கேழ்வரகுத் தாள் காய்கிற வாசம். வீட்டு வாசலில் ரெண்டு மாடுகளும் விஷயம் தெரியாமல் அசை போட்டுக்கொண்டிருந்தன.

"வாங்க மாமா" என்றான். பையன் ஒல்லி. தாடியை ஷேவ் செய்யவில்லையா, வளர்க்கிறானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"மாமா, மொதல்ல இதப் பாத்துருங்க. அப்புறம் திட்டுங்க."

போனை நீட்டினான். நாலு நிமிஷப் பாட்டு. சிநேகிதன் எழுதி, இன்னொரு சிநேகிதன் பாடியது. சாமைக் கதிர் நடுவில் ஒரு பையன் மெதுவாக, கனவில் வருகிற மாதிரி நடந்து வருகிறான். கதிர் மெதுவாகச் சாய்கிறது. ஆனால் உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்துகிறது. எனக்கு விளங்கவில்லை. நடை மெதுவாகப் போனால் வாயும் மெதுவாகத்தானே போகணும்?

கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், மாப்பிள்ளைக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அதுதான் மாமா வித்தை! பாட்ட ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விடுவோம். அவன் அதே வேகத்துல வாயசைக்கணும். கேமராவும் செகண்டுக்கு ரெண்டு மடங்கு படம் எடுக்கும். அப்புறம் சாதாரண வேகத்துல போட்டா நடை பாதியாயிரும், வாய் மட்டும் பாட்டுக்குச் சரியா உக்காந்துரும். ஃபிலிம் காலத்துல 24-க்குப் பதிலா 48 ஃபிரேம் வெச்சு எடுப்பாங்க. நான் போன்ல 60-ல எடுத்து 30-ல ஓட்டுனேன்."

"அப்ப ஷூட்டிங்ல பாட்டு எப்படிக் கேக்கும்?"

"அணில் கத்துற மாதிரி! மாடு மிரண்டு கயித்த அறுத்துக்கிச்சு. அம்மாவுக்கு அந்தக் கோவம்தான் மொதல்ல."

நான் சிரித்துவிட்டேன். வக்கீல் சிரிக்கக்கூடாது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஃபைலைப் பிரித்தேன். பதினாறு வருஷம், பதினெட்டு வருஷம், ஏலியன் எல்லாவற்றையும் அடுக்கினேன். பையன் குறுக்கே பேசாமல் கேட்டான். முடிந்ததும் மெதுவாகச் சொன்னான்:

"பரத்பாலாவ எனக்கு நல்லாத் தெரியும் மாமா. நீங்கதான காட்டுனீங்க?"

"நானா?"

"எனக்கில்ல. எங்க பாட்டிக்கு."

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. 1997 ஆகஸ்ட். இதே வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு கறுப்பு-வெள்ளை டி.வி. ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு கூரைமேல் நான். திருப்பினால் படம் வரும்; விட்டால் கோலம் வரும். கீழே ஊரே உட்கார்ந்திருந்தது. 'வந்தே மாதரம்' வந்தது. மூவர்ணக் கொடியைச் சாம்பல், வெள்ளை, சாம்பல் என்று பார்த்தோம். முடிந்ததும் தங்கச்சியின் மாமியார் அண்ணாந்து என்னைக் கேட்டார்: "எல்லா ஊரு சனமும் வருது. நம்ம மலை எப்பத் தம்பி வரும்?"

கை வலியில் நான் கத்தினேன்: "அடுத்த பாட்டுல வரும்மா!"

சும்மா சொன்னதுதான் சார். இறங்கி வந்து களி சாப்பிட்டதும் மறந்துபோனேன். அந்தப் பாட்டி மறக்கவில்லையாம். சாகிறவரைக்கும் டி.வி-யில் எந்தப் பாட்டு வந்தாலும், "அரூர்த் தம்பி சொன்னாரே, இதுல வருதா?" என்று கேட்பாராம். பேரன் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே வளர்ந்திருக்கிறான்.

"அடிவாரத்துக்கு கேமரா வராம இல்ல மாமா. வாச்சாத்திக்கு வந்துச்சு. வரவேண்டியதுதான். 1992-ல நடந்த கொடுமைக்கு 2011-ல தீர்ப்பு. அப்பீல் முடிய 2023. அத எடுக்காம விட்டா தப்பு. ஆனா மலைச்சனம்னா அழுகுற முகம் மட்டும்தானா? எங்க பாட்டி அதையா கேட்டுச்சு?"

எனக்குப் பதில் இல்லை. பதினெட்டுப் பெண்களுக்கு நேர்ந்ததும், 269 பேரைக் குற்றவாளிகள் என்று கோர்ட் சொன்னதும் இந்தப் பக்கத்து ஆபீஸ்களில் எல்லாருக்கும் தெரியும். டீ குடிக்கிறபோது யாரும் பேசமாட்டோம். நானும்தான்.

கொஞ்ச நேரம் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் என் ஃபைலையே மறுபடி யோசித்தேன். அந்த 16 வருஷத்தில் பரத்பாலா வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. விளம்பரம் எடுத்துச் சம்பாதித்துக்கொண்டே இருந்தார். தர்சேமும் அப்படித்தான், விளம்பரக் காசுதான் படமாச்சு. 'மரியான்' எனக்கு ரெண்டாம் பாதியில் கொஞ்சம் நீளம். ஆனால் அந்தக் கடலையும் பாலைவனத்தையும் எடுத்த கண், பாட்டு எடுத்துப் பழகிய கண். பிற்பாடு அவரே 'வர்ச்சுவல் பாரத்' என்று ஆயிரம் குறும்படத் திட்டம் போட்டு இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் கேமராவை அனுப்பினார்.

"மருமகனே, இந்தப் பாட்ட போன்லதான எடுத்த?"

"ஆமா."

"அப்ப மாடு எதுக்கு?"

முழித்தான்.

"வேலைய விடாத. மாட்டத் தொடாத. சேலத்துல கேமரா வாடகைக்குக் குடுப்பாங்கல்ல? ரெண்டு நாள் வாடகை நான் தரேன். சனி, ஞாயிறு எடு. கல்யாண வீடியோ, கடை விளம்பரம் எது வந்தாலும் வெக்கப்படாம எடு. ஓசூர் சம்பளத்த மிஞ்சி ஆறு மாசம் வந்துதுன்னா, ராஜினாமா லெட்டர நானே டைப் அடிச்சுத் தரேன். அதுல எனக்கு நல்ல பழக்கம். என்னோடதையே நாலு தடவை அடிச்சு வெச்சிருக்கேன், குடுத்ததில்ல."

அடுப்படியிலிருந்து தங்கச்சி எட்டிப் பார்த்தாள். "என்னண்ணா, திட்டுவீங்கன்னு கூப்பிட்டா காசு குடுக்கறீங்க?"

"மாடு தப்பிச்சுதில்ல? களியப் போடும்மா."

சாப்பிட்டு எழுந்தபோது மருமகன் என்னை மேலும் கீழும் பார்த்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கை விரல்களைக் கட்டம் கட்டிப் பார்த்தான்.

"மாமா, அடுத்த பாட்டுல ஒரு கேரக்டர் இருக்கு. கூரைமேல ஏறி நின்னுக்கிட்டு ஆன்டெனாவப் பிடிக்கணும். உங்களால ஏற முடியுமா?"

எனக்கு 52 வயசு. மூட்டு வலி. டாக்டர் மாடிப்படியே ஏறக்கூடாது என்றிருக்கிறார்.

"டயலாக் உண்டா?" என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு, மாமா. அதையும் ரெண்டு மடங்கு வேகத்துல கத்தணும்."

வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணி பஸ். ஆபீஸுக்கு லீவு லெட்டர் எழுத வேண்டியதில்லை. மனைவியிடம்தான் இன்னும் சொல்லவில்லை.