ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: துரு எங்கே ஒளிந்திருக்கும்?

செம்மேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் இரண்டு வருடமாக ஒரு கார் பிரிந்து கிடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதை எதுக்குங்க காயலான் கடைக்குப் போடாம வெச்சிருக்கீங்க?" அந்தக் கேள்விக்கான பதிலையும், வேலை செய்யும்போது கற்றுக்கொண்டதையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

கார் பெரிய மாமாவுடையது. 1960-களில் வந்த இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். மாமாவுக்கு இப்போது எண்பது வயது. அவருடைய ஆசை சின்னதுதான்: ஒரு தடவை அதே வண்டியில் சோளக்காடு சந்தைக்குப் போய்வர வேண்டும். கண் ஆபரேஷன் முடிந்த பிறகு தானே ஓட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது பக்கத்து சீட்டே போதும் என்கிறார். அதனால் இந்த வேலைக்கு ஒரு கெடு இருக்கிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நம்ம ஊர் கார்

ஹெரால்ட் பிறந்தது இங்கிலாந்தில். 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. இந்தியாவில் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று சென்னையில் தயாரித்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம். பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு அந்த ஃபேக்டரி இன்னும் ஞாபகம் இருக்கும். 948 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின். பின்னாளில் நான்கு கதவு வைத்த மாடலும் இங்கே வந்தது. அதற்கடுத்து 1970-களில் கெசல். 1977-ல் அதுவும் நின்றுபோனது. அம்பாசடர் கல்கத்தா, ஃபியட் பம்பாய் என்றால், மெட்ராஸ் கார் இதுதான்.

வீட்டில் வைத்து வேலை பார்க்க இந்த வண்டி ஏன் தோதானது என்பதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கதை இருக்கிறது. 1950-களிலேயே பெரும்பாலான கார் கம்பெனிகள் பாடியும் சேஸும் ஒன்றாக இருக்கும் முறைக்குப் போய்விட்டன. டிரையம்ஃபுக்கு அது முடியவில்லை. அவர்களுக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்ய வழியில்லாமல், துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனி சேஸ் மீது போல்ட் போட்டு மாட்டினார்கள்.

அன்றைக்கு அது வேறு வழியில்லாத ஏற்பாடு. இன்றைக்கு எனக்கு அதுவே வரம். கூரையைக் கழற்றலாம். பின்பக்கத் தொட்டியைத் தனியாக எடுக்கலாம். பானட்டும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும், எஞ்சின் முழுசாக வெளியே தெரியும். ஸ்பானர் செட்டும் நாலு ஆட்களும் இருந்தால் போதும். அறுபது வருடத் துருவில் இறுகிய போல்ட்டுகள் சுலபமாக வரும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

மலையில் துரு எப்படி வேலை செய்கிறது

கடற்கரையில் கார் துருப்பிடித்தால் உப்புக்காற்று என்கிறோம். கொல்லிமலையில் உப்பு ஏது? 1000 முதல் 1300 மீட்டர் உயரம், கடலோ ரொம்ப தூரம். ஆனால் மூடுபனி இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் தண்ணீரும் போதும், உப்பு அதை வேகப்படுத்துவது மட்டும்தான். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே, கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இரும்பின் மேல் படிந்து வேலையை ஆரம்பித்துவிடும். ராத்திரி தகரம் குளிர்ந்து, விடியற்காலையில் பனி உள்ளே இறங்கினால், பெட்டி வடிவச் சட்டங்களின் உள்பக்கமெல்லாம் வியர்த்துப்போகும். வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே காயாது.

இன்னொரு விஷயம். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு, அடியில் இருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்புத்துரு அப்படியில்லை. அது பொறைபொறையாக இருக்கும், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுப்பதால் மேலே இருக்கும் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வரும். பெயின்ட் கொப்புளம் போட்டிருந்தால் துரு அங்கே தொடங்குகிறது என்று அர்த்தமில்லை. உள்ளேயிருந்து தின்றுவிட்டு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்க்ரூ டிரைவர் பரிசோதனை

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு என் ஒரே அறிவுரை: பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், அடியில் படுத்துப் பாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பி மட்டும் அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு வையுங்கள், இல்லாவிட்டால் கனமான மரக்கட்டை அடுக்குங்கள்.

ஹெரால்டின் சேஸில் நடுவில் இரண்டு பெட்டிச் சட்டங்கள் நீளமாக ஓடும். அதிலிருந்து இரண்டு பக்கமும் கைகள் நீட்டின மாதிரி அவுட்ரிகர்கள். அந்தக் கைகளின் நுனியில்தான் பாடி உட்காருகிறது. முதலில் அழுகுவது இந்தக் கைகள்தான், டயர் வாரி அடிக்கும் சேறு நேராக அங்கேதான் போய்ச் சேருகிறது. அடுத்து டிக்கிக்கு அடியில் இருக்கும் கைகள், கதவுக்குக் கீழே ஓரப்பட்டி, கால்மிதி தகரம்.

காரை வெளியே இழுத்த முதல் நாள், முன்பக்க அவுட்ரிகரை ஸ்க்ரூ டிரைவர் பின்பக்கத்தால் தட்டினேன். டங் என்று கேட்க வேண்டிய இடத்தில் தொப் என்று கேட்டது. கூர்முனையால் குத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போனது. வெளியே எடுத்தால் முனையில் செய்தித்தாள். எப்போதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஓட்டையில் காகிதம் திணித்து, மேலே பட்டி பூசி, கறுப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மாமா அதை நம்பி எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு ஏறி இறங்கியிருக்கிறார். அன்று ராத்திரி அவரிடம் இதைச் சொல்லவில்லை.

கையில் இருக்கும் வழிகள்

துருவை எடுக்க நான் முயன்று பார்த்த முறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சின்னச் சாமான்களுக்கு மின்பகுப்பு. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு சிறு ஸ்பூன் வாஷிங் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த சாமானில் நெகட்டிவ், வேண்டாத இரும்புத்துண்டு ஒன்றில் பாசிட்டிவ். மறுநாள் பிரஷ் போட்டால் துரு சேறு மாதிரி கழன்றுவிடும், நல்ல இரும்பு தேயாது. பாசிட்டிவில் எவர்சில்வர் மாட்டவே மாட்டாதீர்கள், விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வரும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். ஸ்பிரிங், கடினப்படுத்திய போல்ட் போன்றவற்றை இதில் போட்டால் நொறுங்கும் தன்மை வந்துவிடலாம், அதனால் வேண்டாம்.

வாளியில் அடங்காததற்கு ரஸ்ட் கன்வர்ட்டர். பல கன்வர்ட்டர்களில் இருப்பது டானிக் அமிலம். அது துருவோடு சேர்ந்து கருநீலமான, கரையாத ஒரு படலமாகும். எங்கள் மலைக்காரர்களுக்கு இது புதுசில்லை. கடுக்காயை ஊறவைத்து இரும்போடு சேர்த்தால் கறுப்பு மை வருமே, அதே வேதியியல்தான். ஆனால் இது மேலோட்டமான துருவுக்கு மட்டும்தான். ஓட்டை விழுந்த தகரத்தை எந்தத் திரவமும் திருப்பித் தராது.

ஓட்டைக்கு ஒரே வைத்தியம் வெட்டி எடுப்பது. பளபளப்பான இரும்பு தெரிகிற வரை வெட்டணும். "இன்னும் கொஞ்சம் இருக்கே, தாங்கும்" என்று மனசு சொல்லும், கேட்கக் கூடாது. மெல்லிய ஷீட்டுக்கு ஆர்க் வெல்டிங் சரிப்படாது, பொத்துவிடும். மிக் வெல்டிங்கில் சின்னச் சின்னப் புள்ளியாக, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தால்தான் தகரம் சூட்டில் நெளியாது. முதல் காரியமாக பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி தூரமாக வைக்க வேண்டும். இந்த வண்டியில் அது டிக்கிக்குள்ளேயே இருக்கிறது. காலி டேங்க்கில் இருக்கும் ஆவிதான் அதிக ஆபத்து. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள்.

சேஸை மாற்றுவதா?

லாரி பாடி கட்டுவதில் பேர்போன ஊர் நாமக்கல். அங்கிருந்து ஒரு டிங்கர் அண்ணனை மலைக்கு அழைத்து வந்தேன். அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இதைத் தட்டிக்கிட்டு இருக்காதீங்க. அளவு எடுத்துக் குடுங்க, பத்தே நாள்ல புது சேஸ் மடிச்சுத் தர்றேன். லாரியே ஓட்டலாம்."

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சேஸ் நம்பர்தான் ஒரு வண்டியின் அடையாளம். ஆர்சி புக் அதை வைத்துத்தான் இருக்கிறது. புது சேஸ் போட்டால் அது சட்டப்படி எந்த வண்டி?

2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, மூல வடிவத்திலேயே இருக்கிற வண்டிகளுக்கு விஏ என்ற எழுத்துகளோடு தனி எண். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் தகுதி இல்லை. அதைவிட முக்கியம், அந்த எண் வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிப்பு, இவற்றுக்கு மட்டும்தான்.

மாமாவுக்கு வேண்டியது கண்காட்சி இல்லை, சந்தை. அதனால் சாதாரண வழியிலேயே போகத் தீர்மானித்தேன். சொந்த வண்டிக்கு முதல் 15 வருடம், பிறகு தகுதி பார்த்து ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிப்பது.

சேஸையும் மாற்றவில்லை. நடுச் சட்டங்கள் இரண்டையும் அடி அடியாகத் தட்டிப் பார்த்தோம், டங் என்றே கேட்டது. எஞ்சினிலிருந்து பல வருடம் ஒழுகிய ஆயில் அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது. கைகளை மட்டும் வெட்டி, அதே கனத்து ஷீட்டில் புதிதாக மடித்து வைத்தோம். பாடியைத் தூக்குவதற்கு முன்பே கதவு இடைவெளியை அளந்து, குறுக்கே ஆங்கிள் வைத்துக் கட்டியிருந்தேன். அதைச் செய்யாமல் கைகளை வெட்டியிருந்தால் கதவு பிறகு மூடியே இருக்காது. ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்தாயிற்று. ஆர்டிஓ ஆபீஸில் கேட்டால் காட்டலாம்.

இறங்குவதுதான் பரீட்சை

துரு போனால் வேலை முடிந்ததா? மலையில் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அது 140 வரை இறங்கிவிடலாம். தொடர்ந்து பிரேக் மிதித்து இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. அதனால் சிலிண்டர், ரப்பர், ஹோஸ் எல்லாம் புதுசு. இறங்கும்போது ஏறின கியர்தான்.

ஹெரால்டின் பின்பக்க ஸ்விங் ஆக்ஸில் இன்னொரு குணம் உள்ளது. வேகமாக வளைவில் நுழைந்து சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால், பின்சக்கரம் உள்பக்கம் மடிந்து பிடிப்பு போகும். கெசலில் இதை மாற்றிவிட்டார்கள். பதிலுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். கொண்டை ஊசி வளைவுக்கென்றே செய்த மாதிரி.

போன வாரம் சேஸுக்குள் வேக்ஸ் அடித்து, தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தேன். பாதித் துருவுக்குக் காரணம் அடைத்துப்போன அந்தச் சின்ன ஓட்டைகள்தான். வெட்டியெடுத்த பழைய அவுட்ரிகரை மாமாவிடம் காட்டினேன், செய்தித்தாளோடு. ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுலயாடா உங்க அத்தையைக் கூட்டிட்டுப் போனேன்?" என்றார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய், புது கையை அவரே தட்டிப் பார்த்தார்.

டங் என்றது. கூரையும் கதவுகளும் மாட்ட வேண்டியதுதான் பாக்கி.