கிணற்றுக் கட்டடத்திற்கு ஸாமான்களைக் காலத்தே சேகரித்தல்

கிணறு வெட்டத் துணியும் மிராசுதார்களிற் பலர், ஸாமான் வாங்குதலைக் கொத்தனாரின் வாய்மொழிக்கே விட்டுவிடுகின்றனர். கல் தீர்ந்தது என்று அவர் கூறுந்தோறும் சூளைக்கு ஆள் ஓடுகின்றது. இவ்வாறு நாள் கடந்து, சுவர் பாதியில் நிற்கையில் ஐப்பசி மழை பிடித்து மண் சரியுமாயின், வெட்டிய கூலியும் கட்டிய கல்லும் ஒருங்கே கிணற்றினுள் போம்.

ஊற்று மிகத் தாழ்வது சித்திரை, வைகாசி மாதங்களில். அடிச்சுவர் எழும்ப வேண்டிய காலம் அதுவே. அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணியே கொள்முதலை ஏற்பாடு செய்தல் வேண்டும்.

10 அடி உள்விட்டமும் 9 அங்குலச் சுவரும் உடைய வட்டக்கிணறு ஒன்றில், பாறைக்கு மேல் 30 அடி மண் இருப்பதாகக் கொள்வோம். சுவரின் நடுச்சுற்றளவு ஏறக்குறைய 33¾ அடி. கட்டடம் சுமார் 760 கன அடி. சாந்துட்பட ஒரு கல்லை 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல கனமாகக் கணக்கிட்டால் 10,800 கல் ஆகும். உடைசலுக்கு நூற்றுக்கு 5 கூட்டிக்கொள்க. உங்களூர்ச் சூளையின் அச்சு சிறிதாயின் எண்ணிக்கை ஏறும். ஆதலின் அச்சை அளவாமல் விலை பேசலாகாது. சிமெண்டு ஒன்றுக்கு மணல் ஆறாகக் கலப்பின் 50 கிலோ மூட்டை 35 வரை செல்லும்.

இவற்றை ஒரே நாளில் வாங்குவது பிழை. மழைக்காலத்திற் சூளை எரியாது, கல்லோ கெடாது. ஆதலின் மாசிக்குள் கல்லை இறக்கிவிடுக. சிமெண்டு இதற்கு நேர்மாறானது. மூன்று மாதம் கிடந்தால் அதன் வலிமையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறையும். வேலை தொடங்குமுன் பாதியும், சுவர் நடுவளவு எழும்பியபின் மீதியும் வாங்கி, தரையிலும் சுவரிலும் படாமற் பலகைமீது அடுக்குதல் நலம். மலிவென்று தையிலேயே மூட்டையை வாங்கிவைப்பவர் லாபம் காண்பதில்லை.

ஆற்றுமணலாயின் அநுமதிச் சீட்டில்லாத வண்டியை ஏற்கலாகாது. வண்டி பிடிபட்டால் வேலையும் நின்றுவிடும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைக் குடிகளுக்கு முன்னரே எடுத்துரைப்பது உபகாரமாகும்.

விலையை ஒப்பிடுங்கால், சூளைவிலையை விடுத்து நிலத்தில் இறக்கிய விலையையே கேட்க வேண்டும். லாரி வரப்பண்டை வர இயலாதெனில் தலைச்சுமைக் கூலியே லாபத்தை விழுங்கிவிடும். முழுப்பணத்தையும் முன்பணமாகக் கொடாதீர். கல் வந்து இறங்கியதும் இரண்டைத் தட்டிப் பார்க்க. கணீரென்று ஒலிக்க வேண்டும். இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டால் உடையலாகாது. அடுக்கை எண்ணி முடித்தபின்பே ரஸீதிற் கையொப்பமிடுக.