ஓட்டை விழுந்த பலகோணங்கள்

1751 செப்டம்பரில் பெர்லினில் இருந்த கணிதவியலாளர் ஆய்லர், நண்பர் கோல்டுபாக்குக்கு ஒரு கடிதம் போட்டார். மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று வெட்டாமல் ஒரு குவி பலகோணத்தை முக்கோணங்களாகப் பிரிக்க எத்தனை வழி? நாற்கோணத்துக்கு 2, ஐங்கோணத்துக்கு 5, அறுகோணத்துக்கு 14. பத்துப் பக்கத்துக்கு 1,430. வாய்பாடும் கையில் இருந்தது, நிரூபணம்தான் இல்லை.

1758இல் செக்னர் கண்ட வழி எனக்கு வாய்பாட்டைவிடப் பிடிக்கும். அறுகோணத்தின் அடிப்பக்கம் ஏதோ ஒரு முக்கோணத்தில் இருந்தே ஆக வேண்டும். அதன் உச்சி, மீதி நான்கு முனைகளில் ஒன்று. ஓரத்து முனை என்றால் எஞ்சுவது ஐங்கோணம், 5 வழி. நடு முனை என்றால் ஒருபுறம் முக்கோணம், மறுபுறம் நாற்கோணம், 2 வழி. 5+2+2+5, ஆக 14. இந்தப் பக்கம் எப்படிப் பிரித்தாலும் அந்தப் பக்கத்துக்குப் பாதிப்பில்லை. கணக்கு முழுக்க அந்தப் பிரிவினையில்தான் நிற்கிறது.

இன்று வாய்பாடு கேட்டு யாரும் அடம்பிடிப்பதில்லை. ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்க்காமல் கணினியால் எண்ணிச் சொல்ல முடியுமா என்பதே பேச்சு. கோணல்மாணலான பலகோணத்துக்கும் செக்னர் வழி செல்லும். வெளியே போகும் கோடுகளைத் தள்ளிவிட்டால் போதும். நூறு முனைக்குப் பத்து லட்சம் படிகளின் அளவில் வேலை முடிந்துவிடும்.

உள்ளே ஓட்டைகளைப் போட்டதும் சிக்கல். ஒரு முக்கோணம் இனி உருவத்தை இரண்டாகப் பிளக்க வேண்டியதில்லை. ஓட்டையைச் சுற்றிக்கொண்டு இரு பக்கமும் சேர்ந்துவிடுகின்றன. ஓட்டைகள் நிறைந்த பலகோணங்களில் இந்த எண்ணிக்கை ‘ஷார்ப்-பி முழுமை’ வகை என்று 2019இல் கலிபோர்னியாவின் டேவிட் எப்ஸ்டீன் நிரூபித்தார். கடினமான எண்ணும் கணக்குகளுக்காக 1979இல் லெஸ்லி வேலியண்ட் வகுத்த வகை அது. அதில் ஒன்றுக்குச் சுருக்குவழி கிடைத்தால் அத்தனைக்கும் கிடைத்த மாதிரி. இத்தனைக்கும், அதே உருவத்தை ஒரே ஒரு விதத்தில் பிரித்துக் காட்டச் சொன்னால் கணினி நொடியில் முடித்துவிடும்.

பலகோணமே இல்லாமல் வெறும் புள்ளிகள் சிதறிக் கிடந்தால்? எப்ஸ்டீன் நிரூபணம் அவற்றைத் தொடவில்லை. 2013இல் ஆல்வாரெஸும் ஸைடலும் ஒரு வழி சொன்னார்கள். ஒரு புள்ளி கூடினால் வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகும். பெருக்கம்தான், ஆனாலும் பிரிப்புகளின் எண்ணிக்கை அதைவிட வேகமாக ஏறுவதால் லாபமே. 2016இல் மார்க்ஸும் மில்ட்சோவும் இன்னும் இறக்கினார்கள்: அடுக்கில் புள்ளிகளின் எண்ணிக்கை இருந்த இடத்தில் இப்போது ஏறத்தாழ அதன் வர்க்கமூலம்.