திரியில் ஏறும் தண்ணீர்: வில்லியனூர், பாகூர் வீடுகளில் ஆப்பிரிக்க வயலட்

ஆப்பிரிக்க வயலட்டைக் காயவிட்டு இழப்பவர்களைவிடத் தண்ணீர் ஊற்றியே இழப்பவர்கள்தான் அதிகம். நர்சரியில் ஊதாப் பூவும் மெத்தென்ற இலையுமாகப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். சன்னலோரம் வைத்துக் காலையும் மாலையும் தவறாமல் ஊற்றுகிறார்கள். சில வாரங்களில் இலை துவளுகிறது. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார்கள். நடுக்குருத்து கொழகொழத்த பிறகுதான், கீழே வேர் எப்போதோ அழுகிவிட்டது தெரியவருகிறது.

இதற்கு உலகமெங்கும் வயலட் வளர்ப்பவர்கள் கையாளும் வழி, திரி வைத்துத் தண்ணீர் கொடுப்பது. மேலே தொட்டி, கீழே தண்ணீர் டப்பா, இரண்டையும் இணைக்க ஒரு நூல். அகல் விளக்கில் எண்ணெய் திரி வழியே ஏறுவதைப் போலத் தண்ணீர் நுண்துளை ஈர்ப்பால் நூலில் ஏறி, கலவை காயக் காயத் தொட்டிக்குப் போய்ச்சேரும். இரண்டொரு நாள் ஊருக்குப் போனாலும் கவலையில்லை. ஆனால் குளிர்நாட்டுக் குறிப்புகளை அப்படியே எடுத்துப் புதுச்சேரியின் வில்லியனூரிலோ பாகூரிலோ செய்தால் செடி நிற்காது. இங்கே இருக்கும் வெயிலும் புழுக்கமும் ஆழ்குழாய்த் தண்ணீரும் வேறு.

பாறை இடுக்கில் பிறந்த செடி

1892-இல், ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா பகுதியில் வால்டர் வான் செயின்ட் பால்-இல்லேர் என்ற அதிகாரி இந்தச் செடியைக் கண்டு, ஜெர்மனியில் இருந்த தன் தந்தைக்கு அனுப்பினார். ஹெரன்ஹவுசன் தாவரவியல் தோட்டத்தின் ஹெர்மன் வெண்ட்லண்ட் 1893-இல் அந்தக் குடும்பத்தின் பெயராலேயே இதற்கு ‘செயின்ட்பாலியா’ என்று பெயர் வைத்தார். இன்றைய வகைப்பாட்டில் இது ஸ்ட்ரெப்டோகார்பஸ் பேரினத்தைச் சேர்ந்தது.

தான்சானியாவின் உசம்பாரா மலைக்காடுகளில் மர நிழலில், பாறை இடுக்குகளில் படிந்த பாசியிலும் இலைமட்கிலும் இது வேர்பிடிக்கிறது. மழை பெய்தாலும் தண்ணீர் தங்காத இடம். வேரைச் சுற்றி ஈரமும் இருக்கும், காற்றும் இருக்கும். பாகூர் வயலில் நெல் மாதக்கணக்கில் தண்ணீரில் நிற்கிறது என்றால், அதன் தண்டிலும் வேரிலும் காற்றைக் கீழே கொண்டுபோகும் குழல்கள் இருக்கின்றன. வயலட்டுக்கு அந்த வசதி கிடையாது. மண் கலவையில் காற்று நிற்க இடம் இல்லாவிட்டால் வேர் மூச்சுத் திணறும். பித்தியம் போன்ற அழுகல் நுண்ணுயிரிகள் உள்ளே புகுந்துவிடும்.

ஆகவே திரியைவிடக் கலவைதான் முக்கியம். தோட்ட மண், வண்டல், களிமண் எதுவும் ஆகாது. அவை திரி தரும் தண்ணீரை எல்லாம் உறிஞ்சிச் சேறாகிவிடும். நன்றாகக் கழுவிய தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகள் ஒரு பங்கு என்று தொடங்கலாம். கடலோரப் புழுக்கத்துக்குப் பெர்லைட் பாதிக்கு மேலேயே இருக்கட்டும். அது போதிய அளவு கிடைக்காவிட்டால் அதில் ஒரு பகுதிக்கு ஈடாக உமிக்கரியைச் சேர்க்கலாம். உமிக்கரிக்குக் காரத்தன்மை உண்டு. வயலட்டோ லேசான அமிலத்தன்மையை விரும்பும். அதனால் உமிக்கரியைக் கழுவி, கொஞ்சமாகவே சேர்க்க வேண்டும்.

நூலும் டப்பாவும்

விளக்குக்குப் போடும் பஞ்சுத்திரி இங்கே உதவாது. பருத்தி ஈரத்தில் கிடந்தால் மட்கி அறுந்துவிடும். நைலான் கயிற்றில் பிரித்தெடுத்த ஒரு புரி, அல்லது ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூல் போதும். மூன்று, நான்கு அங்குலப் பிளாஸ்டிக் தொட்டிக்கு ஒரே ஒரு நூல்தான். கனமாக வைத்தால் தண்ணீர் தேவைக்கு மேல் ஏறும்.

நூலை நனைத்து, தொட்டியின் அடித்துளை வழியே நுழைத்து, உள்ளே கலவையோடு கலவையாக ஓடவிட வேண்டும். மூடியுள்ள தயிர் டப்பாவின் மூடியில் காய்ச்சிய ஆணியால் துளையிட்டு, நூலின் மறுமுனையைத் தண்ணீருக்குள் இறக்கலாம். தண்ணீர் மட்டம் தொட்டியின் அடியைத் தொடவே கூடாது. தொடங்கும்போது ஒருமுறை மேலிருந்தும் ஊற்றிக் கலவை முழுவதையும் நனைத்து, உபரி வடிந்த பிறகு தொட்டியை டப்பாவின் மேல் வைக்க வேண்டும். காய்ந்த கலவைக்குள் தண்ணீர் தானாக ஏறாது. இடையில் கலவை காய்ந்துபோனாலும் இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

உரத்தை அந்தத் தண்ணீரிலேயே கரைத்துவிடலாம். உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 நீரில் கரையும் உரம், 4 லிட்டருக்குக் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். செடி இதை இடைவிடாமல் குடிப்பதால் வயலுக்குப் போடும் அளவு இங்கே விஷமாகும்.

உப்பும் கொசுவும்

திரி முறையில் தண்ணீர் ஒரே திசையில், கீழிருந்து மேலேதான் போகிறது. மேலே வந்த தண்ணீர் ஆவியாகும். அதில் கரைந்த உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். பாகூர் கொம்யூனில் கடற்கரையை நெருங்க நெருங்க ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு ஏறுவது ஊரறிந்த விஷயம். அந்தத் தண்ணீரை டப்பாவில் ஊற்றினால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவு கட்டும். அதில் சாய்ந்த இலைக்காம்புகள் கருகும். வடகிழக்குப் பருவமழையில் மொட்டைமாடித் தண்ணீரை மூடிய கேனில் பிடித்து வைத்தால் அதற்கு நிகர் வேறில்லை. ஆர்.ஓ. தண்ணீரும் சரி, அந்த இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீர் மட்டும் வேண்டவே வேண்டாம். எந்தத் தண்ணீரானாலும் மாதம் ஒருமுறை மேலிருந்து நல்ல தண்ணீர் ஊற்றி, உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள்.

வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. ஆனாலும் வயலட்டை நேராக மண்தொட்டியில் நடுவது இந்த முறைக்குப் பொருந்தாது. தொட்டியின் சுவர் வழியாகவும் தண்ணீர் ஆவியாகி உப்பு அங்கேயும் சேரும். செடி பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கட்டும். டப்பாவை மறைக்க வெளியே ஓர் அழகான சுடுமண் கலத்தை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டுக்குள் தேங்கும் தெளிந்த தண்ணீரைத் தேடி முட்டையிடும். வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மூடியில் நூல் நுழையும் அளவுக்கு மேல் துளை இருக்கக் கூடாது. வாரம் ஒருமுறை டப்பாவைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒளி புகாத டப்பாவாக இருந்தால் பாசியும் பிடிக்காது.

கத்திரி வெயிலில் என்ன செய்வது?

வயலட்டுக்குப் பிடித்த வெப்பம் சுமார் 18 முதல் 27 டிகிரி செல்சியஸ். மார்கழி, தை மாதங்களில் நம் வீடுகள் இதற்கு ஓரளவு பக்கத்தில் இருக்கும். கத்திரி தொடங்கும் மே மாதத்தில் பகலில் 40-ஐ நெருங்கும் நாட்கள் உண்டு; இரவும் இறங்காது. அந்த வெப்பத்தில் செடி வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும், குடிப்பதும் குறையும். திரிக்கு அது தெரியாது; ஏற்றிக்கொண்டே இருக்கும். அப்போது நூலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, மேல்மண் காய்ந்த பிறகு கையால் அளவாக ஊற்றுவதே நல்லது. உரத்தையும் நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலைந்து நாள் வெயிலே இல்லாவிட்டாலும் இதேதான்.

மேற்கு வெயில் படும் சன்னலையும் தகரக் கூரையின் அடியையும் தவிர்த்து, வடக்கு அல்லது கிழக்குச் சன்னலைத் தேர்ந்தெடுங்கள். உள்ளறையில் வெளிச்சம் போதாதென்றால் ஓர் அடி உயரத்தில் எல்.இ.டி. குழல்விளக்கைத் தினம் 12 மணி நேரம் எரியவிடலாம். இலைமேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் புள்ளி விழும். திரி முறையில் அந்தத் தொல்லை இல்லை.

திரி போட்டாயிற்று என்று செடியை மறந்துவிட முடியாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருக்கும்போதே இலை துவண்டால் ஈரம் மிகுதி: உடனே நூலை எடுங்கள். லேசாக இருந்து துவண்டால் திரியின் ஓட்டம் அறுந்திருக்கிறது: மேலிருந்து ஊற்றுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் மார்கழியில் தொடங்கலாம். ஒரே வயதுள்ள இரண்டு செடிகள் வாங்கி, ஒன்றுக்குத் திரி, ஒன்றுக்குக் கை என்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சித்திரைக்குள் உங்கள் வீட்டுக்கு எது ஒத்துவரும் என்பது தெரிந்துவிடும். அதுவரை மூன்றாவது செடிக்குப் பணம் போட வேண்டாம்.