திருப்பாவைத் தட்டில் கடைசிப் பாட்டு மட்டும் கரகரப்பது ஏன்? டர்ன்டேபிள் ‘கை’யின் கோணக் கணக்கு

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் விடியற்காலையே திருப்பாவைதான். ஆண்டாள் பிறந்த ஊர் ஆச்சே! அங்கிருந்து வத்திராயிருப்பு வழியாக சதுரகிரி அடிவாரம் போகிற பாதையில் இருக்கும் மகாராஜபுரம் போன்ற ஊர்களிலும் அப்படித்தான். இன்று பென் டிரைவில் ஓடும் பாட்டு, ஒரு காலத்தில் மைக் செட்காரரின் இசைத்தட்டில் சுழன்றது.

அப்படி ஒரு எல்.பி. தட்டு உங்கள் வீட்டுப் பரணில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் ராகம் அமைத்து, எம்.எல்.வசந்தகுமாரி பாடிய திருப்பாவை. ஆன்லைனில் ஒரு டர்ன்டேபிள் வாங்கி ஓடவிடுகிறீர்கள். நாட்டை ராகத்தில் முதல் பாசுரம் கணீரென்று கேட்கிறது. ஆனால், கடைசிப் பக்கத்தின் முடிவில் வரும் 30-வது பாசுரம், அந்த சுருட்டி, கரகரக்கிறது. ‘ஸ’ வரும் இடமெல்லாம் சீறுகிறது.

“தட்டு தேஞ்சு போச்சுப்பா, எடுத்துப் போடு” என்பார் தாத்தா. அவசரப்பட வேண்டாம். தட்டு நன்றாகவே இருக்கலாம். சிக்கல், முள்ளைத் தாங்கிப் பிடிக்கும் ‘டோன்ஆர்ம்’ என்ற அந்தக் கையின் கோணத்தில் இருக்கலாம்.

வெட்டியது நேராக, வாசிப்பது வளைவாக

மேசை டிராயரையும் கதவையும் நினைத்துப் பாருங்கள். டிராயர் நேராக வெளியே வரும். கதவு கீலில் மாட்டியிருப்பதால் வளைந்துதான் திறக்கும்.

இசைத்தட்டின் மூலப் பிரதியை வெட்டும் இயந்திரம் டிராயர் மாதிரி. அதன் வெட்டுமுனை, தட்டின் வெளி விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் நகரும். வீட்டு டர்ன்டேபிளின் கையோ கதவு மாதிரி. ஒரு முனை பொருத்தப்பட்டிருப்பதால், முள் ஒரு வில் போலத்தான் நகர முடியும். எனவே வெட்டிய கோணமும் வாசிக்கும் கோணமும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. இந்த வித்தியாசம்தான் ‘டிராக்கிங் பிழை’.

230 மி.மீ. நீளமுள்ள நேரான கை, அதன் முள் தட்டின் மைய அச்சுக்கு மேலேயே வருகிறது என்றால், வெளி விளிம்பில் பிழை சுமார் 18 டிகிரி. லேபிள் அருகே சுமார் 7.5 டிகிரி.

தீர்வு கண்டது யார்?

1924-லேயே பெர்சி வில்சன், ‘தி கிராமபோன்’ இதழில் இதைப் பற்றி எழுதினார். 1938-ல் ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் லோஃப்கிரனும், 1941-ல் பேர்வால்டும் இதற்கான கணக்கை முழுமையாகப் போட்டுக் காட்டினார்கள்.

அவர்கள் சொன்ன வழி இரண்டு சின்ன மாற்றங்கள். ஒன்று, முள் மைய அச்சைத் தாண்டிச் சில மி.மீ. முன்னே நிற்க வேண்டும். இது ‘ஓவர்ஹேங்’. இரண்டாவது, முள் இருக்கும் கார்ட்ரிட்ஜை உள்பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும். இது ‘ஆஃப்செட்’ கோணம். பல டோன்ஆர்ம்கள் ‘எஸ்’ அல்லது ‘ஜே’ வடிவில் வளைந்திருப்பது அழகுக்காக இல்லை, இந்தத் திருப்பத்துக்காகத்தான். நேரான கைகளில் முனை மட்டும் திரும்பியிருக்கும்.

230 மி.மீ. கைக்கு பேர்வால்டு கணக்குப்படி ஓவர்ஹேங் சுமார் 18 மி.மீ., ஆஃப்செட் சுமார் 24 டிகிரி. இப்படி வைத்தால், மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரண்டு இடங்களில் பிழை பூஜ்யம். மற்ற இடங்களில் 2 டிகிரிக்குள் அடங்கிவிடும். 18 எங்கே, 2 எங்கே!

பிழையே இல்லாமல் செய்ய முடியாதா? முடியும். 1972-ல் வந்த பேங் அண்ட் ஒலுஃப்சனின் பியோகிராம் 4000 மாடலில், கை டிராயர் மாதிரி நேராகவே நகரும். ஆனால் அதற்குத் தனி மோட்டார், சென்சார் என்று செலவு அதிகம். அதனால்தான் இன்றும் பெரும்பாலான டர்ன்டேபிள்களில் கதவு மாதிரிக் கையே இருக்கிறது.

கடைசிப் பாட்டுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். வெளி விளிம்பில் ஒரு சுற்று பெரிது, லேபிள் அருகே சிறிது. எனவே வெளியே விநாடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் முள்ளுக்கு அடியில் ஓடுகிறது. உள்ளே வெறும் 21 செ.மீ.தான். அதே ‘ஸ’ ஒலியை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிப் பதித்திருக்கிறார்கள். நெருக்கமான வளைவுகளில் அதே அளவு கோணப் பிழை அதிகக் கரகரப்பைத் தரும்.

கார்ட்ரிட்ஜை மேலே சொன்ன இடத்திலிருந்து வெறும் 2 மி.மீ. முன்னே தள்ளிப் பொருத்தினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டால், உள் விளிம்பில் பிழை 0.8 டிகிரியிலிருந்து சுமார் 2.6 டிகிரிக்கு எகிறுகிறது. மூன்று மடங்குக்கு மேல். கோணப் பிழையால் வரும் கரகரப்பும் ஏறக்குறைய அதே மடங்கு கூடும்.

என்ன செய்யலாம்?

முதலில் ஒரு சோதனை. வேறு இரண்டு மூன்று தட்டுகளின் கடைசிப் பாட்டையும் போட்டுக் கேளுங்கள். எல்லாவற்றிலும் கரகரப்பு என்றால் சந்தேகம் கை மீதும் முள் மீதும். ஒரு தட்டில் மட்டும் என்றால் சந்தேகம் தட்டு மீது.

பிறகு ‘புரொட்ராக்டர்’. முள்ளின் இடத்தையும் கோணத்தையும் சரிபார்க்கும் அட்டை இது. பிரின்ட் எடுத்தால் அளவு மாறாமல் 100 சதவீதத்தில் எடுத்து, ஸ்கேலால் அளந்து பாருங்கள். கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, அட்டையில் குறித்த இரண்டு புள்ளிகளிலும் முள் கோட்டுக்கு நேராக நிற்கும்வரை நகர்த்தி, மறுபடி இறுக்குங்கள். உங்கள் மாடலுக்கு கம்பெனி வேறு அளவு சொல்லியிருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம்.

அடுத்து எடை. முள் தட்டை அழுத்தும் எடையை, கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொன்ன அளவில் வையுங்கள். பல கார்ட்ரிட்ஜ்களுக்கு இது 1.5 முதல் 2.5 கிராம். ‘குறைச்சா தட்டுக்கு நல்லதுதானே’ என்று நினைக்காதீர்கள். எடை போதாத முள் பள்ளத்தில் குதித்து, சுவரைச் சேதப்படுத்தும். ஆஃப்செட் கோணத்தால் கை உள்பக்கம் இழுபடும். அதைச் சமன்செய்யும் ‘ஆன்டி-ஸ்கேட்டிங்’ திருகை முதலில் அதே எண்ணில் வைத்துப் பாருங்கள்.

சூட்கேஸ் மாடல் பிளேயர்கள் பலவற்றில் இந்த வசதி எதுவுமே இல்லை. பரணில் கிடைத்த பழைய தட்டை அதில் போடுவதற்கு முன் யோசியுங்கள்.

எது சரியாகாது?

பழைய காலத்துக் கனமான கைகளும் தேய்ந்த முட்களும் ஏற்கெனவே கீறிய பள்ளத்தை எந்தக் கோணமும் மீட்டுத் தராது. கோணம் சரியாக இருந்தாலும், உருண்டை முனை முள் உள்வட்ட நெருக்கத்தில் கொஞ்சம் திணறத்தான் செய்யும். நீள்வட்ட முனை அங்கே மேல். 78 சுற்றுத் தட்டுகளுக்கு எல்.பி. முள்ளைப் பயன்படுத்தவே கூடாது. அவற்றின் பள்ளம் அகலம், அதற்குத் தனி முள் வேண்டும்.

30-வது பாசுரத்தில்தான் ஆண்டாள் தன் பெயரையும் ‘புதுவை’ என்று தன் ஊரையும் சொல்லி முடிக்கிறாள். அந்தப் புதுவைதான் இன்றைய ஸ்ரீவில்லிபுத்தூர். தட்டில் அந்த ஊர்ப்பெயர் வருவது, முள் அதிகம் தடுமாறும் லேபிள் ஓரத்தில். தாத்தா தூக்கிப் போடச் சொன்ன தட்டில் அது தெளிவாகக் கேட்க, ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரும் 2 மி.மீ. நகர்த்தலுமே போதுமானதாக இருக்கலாம்.